தெய்வங்களை நகர்த்திய காலை

சுவரில் சாமி டைல்ஸ் ஒட்டலாம் என்ற யோசனை ரோஹிணியுடையது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஜேசிபி வந்து நின்று, அதை ஓட்டி வந்தவர் இறங்கி ஓடைக்குள் எட்டிப் பார்த்து, "இதில நான் கை வைக்க மாட்டேன்" என்று சொன்னபோது, சந்தில் நின்றிருந்த அத்தனை பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

ஆளந்தி சாலையிலிருந்து விஷ்ராந்த்வாடிக்குள் பிரியும் சந்து அது. சந்தின் கடைசியில் ஒரு மழைநீர் ஓடை. மராத்தி பேசும் ஊரார் அதை நாலா என்பார்கள். சாலைக்கு அடியில் ஒரு சின்னப் பாலத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போகும். பாலத்தை ஒட்டிய கட்டடத்தில் தரைத்தள வீடு ரோஹிணியுடையது. அவளுடையது என்றால் வாடகைக்கு. பகலில் அவள் போசரியில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் கடைந்து வந்த உதிரிபாகங்களை அளந்து பார்ப்பாள். சரியென்று முத்திரை குத்திய பிறகும் ஒருமுறை எடுத்து அளப்பாள். மாலையில் மராத்தி வகுப்புக்குப் போவாள். அம்மா விசாலம் வீட்டில் இட்லி மாவு ஆட்டி, சுற்றுவட்டாரத் தமிழ் வீடுகளுக்கும் இரண்டு உடுப்பிக் கடைகளுக்கும் கொடுத்துவந்தாள்.

போன வருஷ மழையில் நாலா அடைத்துக்கொண்டது. தண்ணீர் பாலத்துக்குள் போக வழியில்லாமல் திரும்பி, வாசற்படி ஏறி வீட்டுக்குள் வந்தது. கிரைண்டரின் மோட்டார் கருகியது. அரிசி மூட்டை ஊறிப் புளித்தது. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, இன்னொரு தடவை தண்ணீர் ஏறினால் தரைத்தளத்தைக் காலிசெய்து பார்க்கிங் ஆக்கிவிடுவதாகச் சொல்லிப் போனார். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் விசாலத்துக்குப் பயமாக இருந்தது.

அடைத்தது குப்பை. பாலத்துச் சுவரோரம் மூட்டை மூட்டையாகக் குவிந்து, சரிந்து, நாலாவின் வாயை மூடியது. கொட்டியவர் யார் என்று கேட்டால் மொத்தச் சந்தும் ஒரே பதிலைச் சொன்னது: வெளியாட்கள். எதிர் வரிசை வீட்டு ஷிந்தே வஹினி, வஹினி என்றால் அண்ணி, அதை அடித்துச் சொன்னாள். "எல்லாம் ஸ்கூட்டர்ல வர்றவங்க. நான் கண்ணால பார்த்திருக்கேன்."

அபராதம் என்று போர்டு வைத்தார்கள். போர்டுக்கு முட்டுக்கொடுத்தாற்போல் மூட்டைகள் வந்தன. விளக்குப் போட்டார்கள், வெளிச்சத்தில் வசதியாகக் கொட்டினார்கள். துப்புரவுப் பெண்கள் இடத்தைக் கழுவிப் பெரிய ரங்கோலி போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் ரங்கோலியின் ஒரு கோடும் கலையாமல் நட்டநடுவில் ஒரு பை உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் ரோஹிணிக்குக் கோயம்புத்தூர் சுவர்கள் ஞாபகம் வந்தன. பிள்ளையார், சிலுவை, பிறை என்று வரிசையாக டைல்ஸ் ஒட்டிய சுவர்கள். அதன் கீழே யாரும் எதையும் போட்டு அவள் பார்த்ததில்லை. இந்த ஊருக்கு அது பொருந்துமா என்று ஒரு வாரம் யோசித்தாள். பிறகு குடியிருப்புச் சோசைட்டியின் செயலாளர் ஐசக்கிடம் சொன்னாள். மூன்று தலைமுறையாகக் கட்கி கன்டோன்மென்டில் இருந்த தமிழ்க் குடும்பம் அவருடையது. அவரே சிமென்ட் குழைத்தார். "பேட்டா, என் ஆளு கொஞ்சம் நேரா இருக்காரா பாரு" என்று சிலுவையை மட்டும் இரண்டு தரம் எடுத்து ஒட்டினார்.

மறுநாள் காலை சுவரோரம் ஒன்றுமில்லை. அடுத்த நாளும் இல்லை. துப்புரவு வண்டி வந்து பழையதை அள்ளிப்போன பிறகு, அந்த இடத்தில் கருமண் இருப்பதையே ரோஹிணி முதன்முறையாகப் பார்த்தாள். வேலைக்குப் போகும்போது நின்று பார்த்தாள், வந்ததும் நின்று பார்த்தாள். உள்ளங்கை அளவுள்ள ஆறு சதுர ஓடுகள் ஒரு சந்தையே அடக்கிவிட்டன.

"அரே, உனக்கு நகராட்சியில சிலை வெக்கணும்மா" என்றார் ஐசக்.

தீபாவளிக்கு முன்னால், வீடுகளை ஒழித்துத் துடைக்கும் வாரத்தில், முதல் படம் வந்தது. கண்ணாடி விரிந்த லட்சுமி. சுவரில் சாய்த்து, மேலே ஒரு சாமந்தி வைத்திருந்தார்கள். பிறகு ஒரு சாயிபாபா. பிறகு தும்பிக்கை உடைந்த கணபதி. பழைய தெய்வத்தை எந்த வீட்டில்தான் குப்பைக்கூடையில் போடுவார்கள்? வீட்டில் வைக்கவும் ஆகாது. ஆற்றங்கரையிலோ அரசமரத்தடியிலோ விட்டுவிடுவார்கள். இப்போது விஷ்ராந்த்வாடிக்கு நடுவில், தெய்வங்கள் ஏற்கெனவே குடியிருக்கிற சுத்தமான ஒரு சுவர் கிடைத்துவிட்டது.

ஒரு காலை ரோஹிணி ஜன்னலிலிருந்து ஒருவரைப் பார்த்தாள். முன்பெல்லாம் ஸ்கூட்டரின் வேகத்தைக்கூடக் குறைக்காமல் பையை விசிறிவிட்டுப் போவாரே, அதே ஆள், அதே சாம்பல் நிற வண்டி. அன்று வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். ஹெல்மெட்டைக் கழற்றினார். செருப்பைக் கழற்றினார். துணியில் சுற்றிய ஒரு படத்தை இரண்டு கையாலும் ஏந்திப் போய், கிழக்குப் பார்த்து வைத்து, அது சாயாமல் இருக்க ஒரு கல் தேடி அண்டக்கொடுத்தார். கும்பிட்டுவிட்டு, முதுகு காட்டாமல் பின்வாக்கில் நடந்துவந்தார். ஜன்னலைத் திறந்து நாலு வார்த்தை கேட்க நினைத்திருந்த ரோஹிணி கம்பியைப் பிடித்தபடி நின்றாள். ஒரே மனிதரின் ஒரே கை இரண்டையும் செய்கிறதே என்று இருந்தது.

'இங்கே படங்கள் வைக்க வேண்டாம்' என்று மராத்தியில் எழுதி, வகுப்பு ஆசிரியையிடம் காட்டித் திருத்தி, ஒரு அட்டை மாட்டினாள். இரண்டு நாளில் யாரோ அந்த அட்டைக்கே மாலை போட்டிருந்தார்கள்.

மே மாதம் முடியும்போது சுவரோரம் இடமில்லாமல் சரிவிலும் வைத்திருந்தார்கள். சரிவிலிருந்தவை வழுக்கி நாலாவுக்குள் இறங்கின. பாலத்தின் வாய்க்குள் சட்டங்களும் சிலைகளும் காய்ந்த மாலைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக அடைத்து நின்றன. குனிந்து பார்த்தால், அந்த இருட்டிலிருந்து எத்தனையோ கண்கள் பார்த்தன. கொட்டிய குப்பையை வருஷாவருஷம் அள்ளிய ஆட்களே இதைத் தொடாமல் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மழைக்கு முந்தின தூர்வாரலுக்காக அன்று ஜேசிபி வந்திருந்தது. மதியம் வரைதான் இந்தச் சந்துக்கு. பிறகு வேறிடம். அதற்குப் பிறகு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போசரிப் பக்கம் வானம் ஏற்கெனவே ஈயமாகத் திரண்டிருந்தது.

ஓட்டுநர் பெயர் தத்தா. கழுத்தில் துளசிமணி. ரோஹிணி, அண்ணனைத் தாதா என்கிற தன் வகுப்பு மராத்தியில், தப்பில்லாமல் பேசவேண்டுமென்று மெதுவாகப் பேசினாள்.

"தாதா, இதை எடுக்கலேன்னா தண்ணி எங்க வீட்டுக்குள்ள வந்துடும்."

"தெரியுது தாயி. ஆனா என் பக்கெட்டுல பல்லு இருக்கு, பார்த்தியா? பாண்டுரங்கன் நெஞ்சில அதை இறக்கச் சொல்றியா? சாயங்காலம் நான் வீட்டுக்குப் போய் சோறு திங்கணும்."

"கையால எடுத்து வண்டியில ஏத்தினா?"

"ஏத்தி? குப்பை வண்டியில சாமியா? அது இன்னும் மோசம்."

விசாலம் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வேலையிலும் ஒரு படி தவறியிருந்தால் அது எந்தப் படி என்று தேடுவது ரோஹிணியின் வழக்கம். இங்கேயும் தேடினாள்.

"தாதா, கணபதி விசர்ஜனம் அன்னிக்கு மட்டும் எப்படி? அன்னிக்குச் சிலையை லாரியில ஏத்தறோம், தண்ணியில போடறோம். கரைஞ்சதை அள்ளறதும் மிஷின்தானே?"

தத்தா டீக் கோப்பையை இறக்கினார். "அது வேற. அதுக்கு முன்னாடி உத்தரபூஜை நடக்குது இல்லையா? அட்சதை போட்டு, தயிர் வெச்சு, போய்ட்டு வாங்கன்னு சொல்லிட்டு, சிலையை இருந்த இடத்திலேர்ந்து ஒரு விரல் நகர்த்திடறோம். அதோட அவர் கெளம்பிட்டார். அப்புறம் இருக்கறது மண்ணு."

"இங்க இருக்கற எதையும் யாரும் நகர்த்தலையே."

"இல்லையே. எல்லாரும் உட்கார வெச்சுட்டுப் போயிருக்காங்க."

"இப்ப செஞ்சா?"

"செஞ்சா நான் மிஷினை எடுக்கறேன். ஆனா நீ செய்யக்கூடாது. யார் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்களோ அவங்கதான் போய்ட்டு வாங்கன்னு சொல்லணும். முன்னப்பின்ன தெரியாத நீ சொன்னா அவர் எதுக்குக் கெளம்பணும்?"

ரோஹிணி வீடு வீடாகப் போனாள். முதல் மாடி, இரண்டாம் மாடி, எதிர் வரிசை, மருந்துக்கடை. எல்லோரும் அவளுக்காக வருத்தப்பட்டார்கள். ஒருவர் தண்ணீர்கூடக் கொடுத்தார். ஆனால் யாருடைய சாமியும் அங்கே இல்லை. "எங்க வீட்டு தேவ் எல்லாம் தேவ்கர்ல பத்திரமா இருக்கு" என்று ஷிந்தே வஹினி பூஜை அலமாரியைத் திறந்தே காட்டினாள். "நான்தான் சொன்னேனே, ஸ்கூட்டர்காரங்க."

திரும்பி வந்தபோது தத்தா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐசக் உதட்டைப் பிதுக்கினார். "குப்பையையே ஒத்துக்காத ஜனம்மா இது. சாமியை ஒத்துக்குமா?"

அப்போது விசாலம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கினாள். முழங்கை வரை மாவு. சட்டங்களுக்கு நடுவே காலை ஊன்ற இடம் பார்த்துப் பார்த்துப் போய், குனிந்து, ஒரு படத்தின் முன்னால் உட்கார்ந்தாள். பழனி முருகன். ஓரமெல்லாம் நீர்க்கறை. கீழே ஒரு மிட்டாய்க் கடையின் பெயர் தமிழில்.

"அம்மா!" என்றாள் ரோஹிணி. "அது நம்மளுதா?"

"பின்னே, இந்தச் சந்துல வேற ஆருக்குத் தமிழ்ல சாமி இருக்குது?"

"எப்ப வெச்சே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"போன மழையில ஊறிப் போச்சு கண்ணு. குப்பைக்கூடையிலயா போடச் சொல்றே? நீதான சாமி ஒட்டுனே. நல்ல எடமாட்டம் இருக்குதேன்னு வெச்சேன்." பிறகு மேலே பார்த்து, "அந்தத் தம்பிகிட்டக் கேளு, தயிர் எப்புடி வெக்கோணும்னு" என்றாள்.

தத்தாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கையால் காட்டினார். ரோஹிணி உள்ளே ஓடி அரிசியில் மஞ்சள் பிசறிக்கொண்டு, தயிர்க் கிண்ணத்தோடு வந்தாள். விசாலம் அட்சதை தூவினாள். ஒரு சொட்டுத் தயிர் வைத்தாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற கூச்சமே இல்லாமல், வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள். "முருகா, போயிட்டு வா சாமி. இத்தன நாளா தொணைக்கு இருந்தே. தண்ணிக்குள்ள உன்னய வுட்டுட்டேன்னு நெனச்சுக்காத." பிறகு சட்டத்தின் இரு ஓரமும் பிடித்து ஒரு விரல் நகர்த்தினாள்.

எதிர் வீட்டுக் கதவு சாத்தும் ஓசை கேட்டது. ஷிந்தே வஹினி உள்ளே போய்விட்டாள் என்று ரோஹிணி நினைத்தாள். கதவு திரும்பத் திறந்தபோது அவள் முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டிருந்தாள். கையில் ஒரு பித்தளைத் தட்டு.

"அந்த விட்டல்-ருக்மிணி என்னுது" என்றாள் யாரையும் பார்க்காமல். "பீரோவை நகர்த்தும்போது ருக்மிணிக்குக் கை போயிடுச்சு. வழி விடுங்க."

"ஸ்கூட்டர்லயா கொண்டு வந்தீங்க வஹினி?" என்றார் ஐசக்.

"சும்மா இருங்க அங்கிள். கையைக் கொடுங்க, வழுக்குது."

அதற்குப் பிறகு ரோஹிணி எவரையும் கூப்பிடவில்லை. இரண்டாம் மாடிக்காரர்கள் கணவனும் மனைவியுமாக இறங்கி வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார். பக்கத்துச் சந்திலிருந்து, அதற்கும் பக்கத்துச் சந்திலிருந்து, யார் யாருக்குச் சொன்னார்களோ, தட்டும் கிண்ணமுமாக வந்தபடி இருந்தார்கள். ஒரு வருஷமாக ஒரு பைக்குக்கூடச் சொந்தக்காரர் கிடைக்காத இடத்தில், "அது எங்களுது", "அந்தப் பச்சைச் சட்டம் எங்க மாமியாருடையது", "கொஞ்சம் தள்ளிக்கோங்க, அடியில இருக்கறது நம்ம அம்பாபாய்" என்று ஆளுக்கு ஆள் முன்வந்து சொல்லிக்கொண்டார்கள். சரிவில் இறங்க வரிசை நின்றது. ஒருவர் கையை ஒருவர் பிடித்து இறக்கிவிட்டார்கள்.

சாம்பல் நிற ஸ்கூட்டர் வந்து நின்றதை ரோஹிணி பார்த்தாள். அந்த மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவளிடமே வந்தார்.

"மூணு தலை தத்தாத்ரேயர். இன்னும் இருக்காரா?"

இவருக்காக அவள் எத்தனையோ வாக்கியங்கள் மராத்தியில் தயார்செய்து வைத்திருந்தாள். "வாங்க, தேடலாம்" என்றாள். நாலாவின் வாயருகே இருவரும் மண்டியிட்டுத் தேடினார்கள். அவர்தான் முதலில் கண்டார். கண்டதும் யாரையோ ரயிலடியில் கண்டுபிடித்தவர்போலச் சிரித்தார்.

ஐசக் கையில் ஒரு படத்தோடு நின்றார். இயேசுவின் திருஇருதயம்.

"உங்களுதா அங்கிள்?"

"இல்லமா. என் ஆளு வீட்டில ஹால்ல இருக்காரு. இவர் எப்ப இங்க வந்து இவங்களோட உட்கார்ந்தாரோ!" அவர் தத்தாவைப் பார்த்தார். "இவருக்கு யாருப்பா பண்றது?"

தத்தா யோசித்தார். "நீங்களே பண்ணுங்க காகா. தயிர் வேண்டாம்னா விட்டுடுங்க."

ஐசக் தொப்பியைக் கழற்றினார். பரமண்டலத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று தமிழில் தொடங்கி, நடுவில் ஒரு வரி மறந்து நின்று, திரும்பவும் பிடித்துக்கொண்டு முடித்தார். பிறகு மிக மெல்ல, ஒரு விரல் நகர்த்தினார்.

இத்தனைக்குப் பிறகும் பாதிக்குமேல் மிஞ்சியிருந்தன. யாரும் கேட்டு வராதவை. ஊரைவிட்டே போனவர்களுடையதாக இருக்கலாம். தூரத்தில் இடி உருண்டது. ரோஹிணி தத்தாவின் முகத்தைப் பார்த்தாள். கூட்டி வந்தவர்கள் இல்லையே, அவர் மறுபடியும் மாட்டேன் என்பார் என்று நினைத்தாள்.

"இவங்களை யாரு அனுப்பறது?" என்று அவளே கேட்டாள்.

ஷிந்தே வஹினி தட்டிலிருந்த அட்சதையை அருகிலிருந்தவர்களின் கையில் அள்ளி அள்ளிக் கொடுக்கத் தொடங்கினாள். "நம்ம சந்துக்கு வந்தவங்க. நாமதான் அனுப்பணும். வேற யாரு?"

தத்தா ஜேசிபியிலிருந்து இறங்கிச் செருப்பை விட்டுவிட்டு அவரும் கையை நீட்டினார்.

எத்தனை பேர் இருந்தார்கள் என்று ரோஹிணி எண்ணவில்லை. சரிவு முழுக்க ஆட்கள் குனிந்து நின்றார்கள். ஒவ்வொருவர் கையும் ஏதோ ஒரு சட்டத்தின்மேல், ஏதோ ஒரு தோளின்மேல். யாரோ "கணபதி பப்பா" என்று கூவ, மே மாதப் புழுக்கத்தில், பண்டிகைக்கு எத்தனையோ மாதம் இருக்கும்போது, "மோரியா!" என்று சந்தே முழங்கியது. மாடிகளில் நின்றவர்களும் கூவினார்கள். அத்தனை கைகளும் ஒன்றாக நகர்ந்தன.

ரோஹிணியின் கையில் இருந்தது முகம் அழிந்துபோன ஒரு படம். எந்தத் தெய்வம் என்று தெரியவில்லை. அவளும் நகர்த்தினாள். தலைமுடியில் பாதி அளவு பிசகினாலும் ஒரு பாகத்தை ஒதுக்கிவைக்கிற கண் அவளுடையது. ஒரு விரல் தூரத்தில் ஒன்றும் மாறாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நிமிர்ந்து பார்த்தபோது சரிவு வேறாக இருந்தது. நாலாவுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இப்போது பார்க்கவில்லை. கண்ணாடி கண்ணாடியாக, மரம் மரமாக, காகிதம் காகிதமாகக் கிடந்தது. தனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தாள். அவர்களும் கும்பிடாமல் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் வேலை. கைமாற்றிக் கைமாற்றி மேலேற்றினார்கள். கண்ணாடி ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம், களிமண் ஒரு பக்கம். மாலைகளைப் பூக்கழிவு வண்டிக்கென்று மூட்டை கட்டினார்கள். தத்தா மிஷினைக் கிளப்பினார். பக்கெட் பாலத்தின் வாய்க்குள் போய், கரிய சேற்றோடும், அடியில் புதைந்திருந்த பழைய பிளாஸ்டிக் பைகளோடும் வெளியே வந்தது. அந்தப் பைகளுக்கு எவரும் உரிமை கோரவில்லை. எவரும் வெளியாட்கள் என்று சொல்லவும் இல்லை.

கடைசி பக்கெட் ஏறும்போதே பெரிய பெரிய துளிகள் விழ ஆரம்பித்தன. தத்தா கையை ஆட்டிவிட்டு மழைக்குள் ஓட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குள் ஓடவேண்டிய ஜனம் பாலத்தின் மேலேயே நின்றது. விசாலம் மட்டும் தன் வாசற்படியில், இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் முதலில் பழுப்பாக, நுரையோடு வந்தது. வளைவில் திரும்பி, போன வருஷம் நின்ற அதே மட்டத்துக்கு ஏறியது. வாசலை நோக்கி ஒரு நாக்கு நீண்டது. விசாலத்தின் உதடு அசைந்தது. பாலத்துக்கடியில் ஒரு பெரிய மூச்சு இழுத்த மாதிரி ஓசை கேட்டது. ஏறிய தண்ணீர் அப்படியே உள்வாங்கி, இருட்டுக்குள் இரைச்சலோடு பாய்ந்து, அந்தப் பக்கம் வெள்ளையாகக் கொட்டியது.

"போகுது! போகுது பாருங்க!" ஷிந்தே வஹினி ஐசக்கின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

ரோஹிணிக்கு அருகில் ஸ்கூட்டர்காரர் நின்றிருந்தார். அவர் கையில் காலியான தயிர்ப் பாக்கெட் இருந்தது. பழக்கத்தில் கை கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீண்டது. கீழே ஓடும் தண்ணீருக்கு மேலே ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அவர் அதை மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் தயிர் கசிந்து இறங்கியது. நாளைக்கும் அப்படிச் செய்வாரா என்று ரோஹிணிக்குத் தெரியாது. அவள் கொஞ்சம் நகர்ந்து, தண்ணீர் நன்றாகத் தெரிகிற மாதிரி அவருக்கு இடம் விட்டாள்.